லினக்ஸ் லேப்டாப்பில் ஒரிஜினல் கேம் சிடி: தூக்கிப் போடாதீர்கள்!

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் ஒரு பழைய லேப்டாப் வாங்கி வந்தான். வாங்கியது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில். அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் போனால் நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால், எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அங்கிருந்துதான் வருகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மாடல்களில் லினக்ஸ் போட்டு விற்கும் கடைகள் உண்டு. இவனுக்குக் கிடைத்ததும் லினக்ஸ் மின்ட்.

மறுநாளே போன் வந்தது. "அண்ணா, என் கேம் சிடி ஓட மாட்டேங்குது. விண்டோஸ் மாத்தித் தரேன், ஆயிரத்து ஐநூறு ரூபாய் ஆகும்னு கடைக்காரர் சொல்றார். மாத்திடட்டுமா?"

மாற்றாதே என்றேன். அந்த விலைக்குப் போடப்படும் விண்டோஸ் ஒரிஜினலாக இருக்காது. அதோடு வைரஸும் சேர்ந்து வரலாம்.

சிடி என்றால் சாதாரண சிடி அல்ல. ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடி வளர்ந்தவன் அவன். முதல் சம்பளத்தில் ஒரிஜினல் ஹாஃப்-லைஃப் சிடி வாங்கி, இத்தனை வருடம் பீரோவில் வைத்திருந்தான். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை என்பதால் யாரிடமோ யுஎஸ்பி டிவிடி டிரைவ் இரவல் வாங்கி, செட்அப் ஃபைலை டபுள் க்ளிக் செய்து பார்த்திருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை.

நடக்காது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட புரோகிராம், படம் காட்டவும் ஒலி எழுப்பவும் விண்டோஸிடம்தான் உதவி கேட்கும். லினக்ஸுக்கு அந்தக் கேள்வியே புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒயின் என்ற சாப்ட்வேர் 1993 முதலே இருக்கிறது. ஆனால் புதியவர்கள் நேராக அதில் இறங்கினால் அரை நாள் போய்விடும். இந்த கேமுக்கு அது தேவையும் இல்லை.

சிடி உறையின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். ஹாஃப்-லைஃப் என்றால் நான்கு, ஐந்து, நான்கு எனப் பிரித்த 13 இலக்கங்கள் அதில் இருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது உண்மையில் அந்த சிடி கீயைத்தான். சிடியில் கீறல் விழுந்திருந்தாலும் கவலை இல்லை. 1998-ல் இந்த கேமை உருவாக்கிய வால்வ் நிறுவனம், தன் ஸ்டீம் சேவையில் அந்தப் பழைய கீயை ஏற்றுக்கொள்கிறது. லினக்ஸுக்கான ஸ்டீம் 2013 பிப்ரவரியில் வந்தது. ஹாஃப்-லைஃபும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கும் லினக்ஸிலேயே நேரடியாக ஓடும்.

இனி வேலைக்கு வருவோம். மின்ட்டில் மெனுவைத் திறந்து சாப்ட்வேர் மேனேஜரில் ஸ்டீம் என்று தேடுங்கள். சிஸ்டம் பேக்கேஜ் என்று குறிப்பிட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்யுங்கள். உபுண்டு வைத்திருப்பவர்கள் ஆப் சென்டரில் கிடைக்கும் ஸ்னாப் வடிவத்தை விட்டுவிட்டு, ஸ்டீம் இணையதளத்திலுள்ள டெப் ஃபைலை டவுன்லோட் செய்வது நல்லது. முதல் முறை திறக்கும்போது ஸ்டீம் தன்னைத்தானே புதுப்பிக்க சில நூறு எம்பி இழுக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் செய்பவர்கள் அன்றைய டேட்டா மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

அடுத்து அக்கவுன்ட். இதை உங்கள் சொந்த இமெயிலில் நீங்களே தொடங்குங்கள். கடைக்காரர் அக்கவுன்ட்டிலோ ரூம்மேட் அக்கவுன்ட்டிலோ கீயைப் பதிவு செய்துவிட்டால் கேம் அவர்களுக்குச் சொந்தமாகிவிடும். பிறகு உங்கள் அக்கவுன்ட்டுக்கு மாற்ற முடியாது. லாக்-இன் ஆனதும் மேலேயுள்ள கேம்ஸ் மெனுவில் 'ஆக்டிவேட் எ ப்ராடக்ட் ஆன் ஸ்டீம்' என்பதை க்ளிக் செய்து, கீயைப் பிழையில்லாமல் டைப் செய்யுங்கள். லைப்ரரியில் ஹாஃப்-லைஃப் வந்துவிடும். கூடவே கவுன்டர்-ஸ்ட்ரைக்கும் வரும்! தம்பி போனிலேயே கத்திவிட்டான். பிறகு இன்ஸ்டால், பிளே. அவ்வளவுதான்.

ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட கீ என்று செய்தி வந்தால், உங்களுக்கு விற்கப்பட்டது நகல் சிடியாக இருக்கலாம். இன்னொன்று: எல்லா நிறுவனங்களின் கீயும் ஸ்டீமில் செல்லாது. எவை செல்லும் என்ற பட்டியல் ஸ்டீம் உதவிப் பக்கத்தில் இருக்கிறது.

புதிதாக கேம் வாங்குகிறீர்களா? ஸ்டீம் கடையில் இந்திய ரூபாயிலேயே விலை போட்டிருக்கும். பணம் கட்டும் முன் அந்த கேமின் பக்கத்தில் சிஸ்டம் ரெக்வயர்மென்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். லினக்ஸ் என்று தனியே இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் 2018-ல் வால்வ் வெளியிட்ட புரோட்டான் மூலம் பல விண்டோஸ் கேம்கள் ஓடும். எது ஓடும், எது ஓடாது என்று விளையாடியவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் புரோட்டான் பெரும்பாலும் வல்கன் என்ற கிராபிக்ஸ் வசதியை நம்பி இயங்குகிறது. இன்டெல் எச்டி 3000 போன்ற பழைய கிராபிக்ஸில் அது இல்லை. வேலோரன்ட் போல ஏமாற்றுத் தடுப்பு சாப்ட்வேரை ஆழமாகப் பதிக்கும் கேம்கள் லினக்ஸில் ஓடவே ஓடாது. தெரியாமல் வாங்கிவிட்டால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்த கருவி இன்னும் வீட்டில் இருக்கிறதா? அவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பழைய பாஸ் பதிப்பில் இன்றைய ஸ்டீம் ஏறாது. மின்ட் போட்டுப் பார்க்கலாம். 4 ஜிபி ராம் இருந்தால்தான் நிம்மதி. 2 ஜிபியில் மின்ட் திறக்கும், ஸ்டீம் திணறும்.

ஒரே ரூமில் நான்கு பேர் இருந்தால் நான்கு முறை டவுன்லோட் செய்ய வேண்டாம். லைப்ரரியில் கேமின் மீது ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்டீஸ், அதில் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் பகுதிக்குப் போனால் பேக்அப் எடுக்கும் வசதி இருக்கும். பென் டிரைவில் எடுத்துக் கொடுங்கள். ஆனால் அவரவர் அக்கவுன்ட்டில் அந்த கேம் இருந்தால்தான் திறக்கும்.