சாவி சொல்லும் சேதி

நாம் தினமும் கையில் எடுக்கும் 'சாவி' போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல். அதன் மூலம் லத்தீனின் 'கிளாவிஸ்'. அதே சொல் ஸ்பானியத்தில் 'யாவே', இத்தாலியத்தில் 'கியாவே', பிரெஞ்சில் 'கிளே'. ஐரோப்பிய மொழிகளின் உறவைப் பற்றி நிலவும் தவறான எண்ணங்கள் சிலவற்றை இந்தச் சாவியே திறந்து காட்டிவிடும்.

நம்பிக்கை: ஒரே மாதிரி ஒலித்தால் ஒரே வேர்.

இல்லை. ஸ்பானிய 'முச்சோ'வும் ஆங்கில 'மச்'சும் 'நிறைய' என்றே பொருள்படும். ஆனால் முன்னது லத்தீன் 'முல்துஸ்' வழி வந்தது, பின்னது 'பெரிய' என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. ஜெர்மன் 'ஹாபென்', லத்தீன் 'ஹபேரே' இரண்டுக்கும் 'உடைத்தாயிருத்தல்' என்பதே பொருள். இவையும் உறவில்லாதவை. லத்தீனில் 'க' வருமிடத்தில் ஜெர்மனில் 'ஹ' வருவதே முறை: லத்தீன் 'கோர்னு', ஜெர்மன் 'ஹோர்ன்'; இரண்டும் கொம்பு. அந்த முறைப்படி 'ஹாபெ'னின் உண்மையான உறவு, 'பிடி' என்னும் பொருளுள்ள லத்தீன் 'கபேரே'.

உறவைக் காட்டிக்கொடுப்பது ஒற்றுமை அல்ல, ஒழுங்கு தவறாத வேற்றுமை. எனக்கு மொழியியலில் மிகப் பிடித்த இடம் இதுதான். லத்தீனில் மழை 'ப்ளுவியா'. போர்ச்சுகீசியத்தில் 'ஷுவா', ஸ்பானியத்தில் 'யூவியா', இத்தாலியத்தில் 'பியோஜ்ஜா', பிரெஞ்சில் 'ப்ளூயி'. தீச்சுடர் 'ஃப்ளாம்மா', அது முறையே 'ஷாமா', 'யாமா', 'ஃபியாம்மா', 'ஃப்ளாம்'. சாவியை மறுபடி பாருங்கள், அதே வரிசை. விலகி நிற்கும் சொற்களும் உண்டு. ஸ்பானியத்தில் 'யாவே'யோடு 'கிளாவே'யும் இருக்கிறது. பின்னாளில் படித்தவர்கள் ஏட்டு லத்தீனிலிருந்து நேரே எடுத்துக்கொண்டது அது.

நம்பிக்கை: இம்மொழிகள் ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதிய லத்தீனின் குழந்தைகள்.

தெருவில் பேசிய லத்தீனின் குழந்தைகள் என்பதே சரி. ஏட்டில் நெருப்பு 'இக்னிஸ்'. ஆனால் ஸ்பானிய 'ஃபுவேகோ'வும் இத்தாலிய 'ஃபுவோகோ'வும் அடுப்பங்கரையைக் குறித்த 'ஃபோகுஸ்' என்ற சொல்லின் வாரிசுகள். 'தலை' என்னும் பிரெஞ்சு 'தெத்', மண்பானையைக் குறித்த 'தெஸ்தா'. 'அப்பெண்டிக்ஸ் புரோபி' என்றொரு பழைய பிழைதிருத்தப் பட்டியல் உண்டு. காதை 'ஔரிஸ்' என்று சொல், 'ஒரிக்லா' என்னாதே என்கிறது அது. பிரெஞ்சு 'ஒரேய்', ஸ்பானிய 'ஓரேஹா', ருமேனிய 'உரேகே' எல்லாம் அந்தப் பிழையிலிருந்து பிறந்தவை. பண்டிதர் அடித்த சொல்தான் வாழ்கிறது.

நம்பிக்கை: பாதிக்கு மேல் லத்தீன், பிரெஞ்சுச் சொற்கள் இருப்பதால் ஆங்கிலமும் அந்தக் குடும்பமே.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின் அரசும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. சொற்கள் வெள்ளமாக வந்தன. ஆனால் தாய், தண்ணீர், கை, வா, போ ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் இன்றும் ஜெர்மானியம். சாவியும் மேசையும் ஜன்னலும் வந்ததால் தமிழ் லத்தீன் குடும்பத்தில் சேர்ந்துவிடவில்லையே!

ஒரே தாய்க்குப் பிறந்தவை எல்லாப் பொருளுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் என்பதும் பிழை. ஜன்னலைக் குறிக்கும் பிரெஞ்சு 'ஃபெநெத்ர்' லத்தீனின் 'ஃபெனெஸ்த்ரா'விலிருந்து வந்தது. ஸ்பானியர் காற்றிலிருந்து 'வெந்தானா' என்று பெயரிட்டார்கள். போர்ச்சுகீசியரோ வாசலைக் குறித்த 'யானுவா'வைச் சிறிதாக்கி 'ஜனேலா' என்றார்கள். நம் வீட்டு ஜன்னல் அந்தச் சின்ன வாசல்தான்.