மரம் வெட்டும் கொந்தராத்து: இலாபம் எங்கே கரைகிறது?

மரக்காலைக்கு வரும் வாடிக்கையாளர் பலகையின் விலையைக் கேட்டதும் முகம் சுளிப்பது நாம் தினமும் காணும் காட்சி. "தோட்டத்தில் தானாக வளரும் மரத்துக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்த மரத்தை வெட்டி, இழுத்து, ஏற்றி, நமது வாசலில் இறக்கிவிட்டுப் போகும் சிறு கொந்தராத்துக்காரரைப் பற்றி வாடிக்கையாளரும் யோசிப்பதில்லை, வியாபாரிகளான நாமும் யோசிப்பதில்லை.

இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990 ஆம் ஆண்டளவில் நிறுத்தப்பட்ட பின்னர், நமது நாட்டின் மரத்தேவையில் பெரும் பகுதியை வீட்டுத் தோட்டங்களும், றப்பர், தென்னந் தோட்டங்களும், நடப்பட்ட காடுகளுமே நிறைவேற்றி வருகின்றன. நடப்பட்ட காடுகளில் மரம் வெட்டுவதை அரசாங்க மரக் கூட்டுத்தாபனம் கவனிக்கிறது. ஆனால் மாவனல்லை, கேகாலை, கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் இரண்டு மஹோகனியையும் ஒரு பலாவையும் சந்தைக்குக் கொண்டு வருபவர் இந்தச் சிறு கொந்தராத்துக்காரரே. அவர் இல்லாவிட்டால் தச்சுப் பட்டறையும் இல்லை, தளபாடக் கடையும் இல்லை.

நமது இளைஞர்கள் பலர் ஒரு செயின் சோவை வாங்கிக் கொண்டு இத்தொழிலில் இறங்குகின்றனர். இரண்டு மூன்று வருடங்களில் கடனுடன் வெளியேறுகின்றனர். மரத்துக்குக் கிராக்கி இல்லாமலா? இல்லை. கணக்குப் பிழைத்ததால். அந்தக் கணக்கைத்தான் இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

நிற்கும் மரத்தை மதிப்பிடுதல்

இத்தொழிலில் முதல் மூலதனம் கண். நிற்கும் மரத்தைப் பார்த்து, அதற்குள் எத்தனை கன அடி இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். நமது மர வியாபாரத்தில் பழைய காற்சுற்றளவு முறையே இன்றும் பல இடங்களில் புழங்குகிறது. மரத்தின் நடுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து நான்கால் வகுக்க வேண்டும். வரும் எண்ணை அதனாலேயே பெருக்கி, நீளத்தின் அடியாலும் பெருக்கி, 144 ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 10 அடி என்றால் கால் பங்கு 15. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் 225. அதைப் பத்தால் பெருக்கி 144 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15.6 கன அடி.

இது மரத்தின் முழுமையான கன அளவு அல்ல. அதே மரத்தின் உண்மையான கன அளவு சுமார் 19.9 கன அடி. அரியும்போது கழியும் வெட்டுமரத்துக்காக இந்த முறை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விட்டுக் கொடுக்கிறது. ஆகவே வாங்கும்போது ஒரு முறையிலும் விற்கும்போது இன்னொரு முறையிலும் அளந்தால், ஒரு தரப்பு நட்டப்படும். விலை பேசும் முன்னர் எந்த அளவு என்பதைத் தோட்டக்காரருடனும் மரக்காலைக்காரருடனும் பேசித் தீர்த்துக் கொள்ள வேண்டும்.

அளவை விடப் பெரிய ஆபத்து கோறை. வயதான பலா மரம் வெளியே மலை போல் நிற்கும். உள்ளே வெறும் பொந்தாக இருக்கும். கோடரியின் பின்புறத்தால் அடித்தால் கேட்கும் சத்தம், அடிமரத்தில் முளைத்திருக்கும் காளான், கறையான் ஏறிய தடம், முறிந்த கிளை வழியே நீர் இறங்கிய கறை என்பன அறிகுறிகள். ஒருமுறை அடியேனும் ஒரு பலா மரத்துக்கு முற்பணம் கொடுத்தேன். விழுத்திப் பார்த்தபோது அடியிலிருந்து ஏழு அடிக்கு உள்ளே ஒன்றுமில்லை. அந்த ஏழு அடிதான் மரத்தில் அதிக விலை போகும் பகுதி.

ஆயுதங்களும் பராமரிப்பும்

சிறு கொந்தராத்துக்காரரிடம் இருக்க வேண்டியவை அதிகமில்லை. அடிமரத்துக்குப் பெரிய செயின் சோ ஒன்று, கிளை கழிக்கச் சிறியது ஒன்று, கோடரி, மன்னாக்கத்தி, அலவாங்கு, ஆப்புகள், கயிறு, கப்பி, கையால் இழுக்கும் டிர்ஃபோர், முடிந்தால் செயின் புளொக். லொறியையும் உழவு இயந்திரத்தையும் ஆரம்பத்தில் வாடகைக்கு எடுப்பதே புத்தி.

மிசினை நாசமாக்குவது வேலையல்ல, அசட்டை. இது இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம். பெற்றோலுடன் எண்ணெயைக் கலக்க வேண்டும். சில எண்ணெய்களுக்கு 50 பங்குக்கு ஒரு பங்கு, அதாவது லீற்றருக்கு 20 மில்லி லீற்றர். சிலவற்றுக்கு 25 பங்குக்கு ஒரு பங்கு, அதாவது 40 மில்லி லீற்றர். எண்ணெய்ப் போத்தலிலும் மிசினுடன் வரும் புத்தகத்திலும் இது எழுதப்பட்டிருக்கும். கண்மட்டத்தில் ஊற்றுபவருக்கு ஒருநாள் பிஸ்டன் பிடித்துக் கொள்ளும். செயினுக்குக் கழிவு எஞ்சின் எண்ணெயை ஊற்றுவதும் மிச்சம் பிடிப்பதல்ல. அதில் இருக்கும் உலோகத் துகள் பாரையும் எண்ணெய்ப் பம்பையும் தேய்த்துவிடும்.

பற்கள் கூராக இருக்கின்றனவா என்பதை மரத்தூளே சொல்லும். சீவல் சீவலாக வந்தால் கூர் இருக்கிறது. மா போல வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பவர் பெற்றோலையும் எரிக்கிறார், கிளச்சையும் எரிக்கிறார், தன் தோளையும் கெடுத்துக் கொள்கிறார். ஒவ்வொரு முறை பெற்றோல் நிரப்பும்போதும் வட்ட அரத்தால் ஒவ்வொரு பல்லையும் இரண்டு மூன்று தடவை தீட்டினால் போதும். ஐந்து நிமிட வேலை அது.

அடிமரத்திலிருந்து லொறி வரை

மரத்தை விழுத்துவது சில நிமிட வேலை. அதை வீதிக்குக் கொண்டு வருவதுதான் நாட்களை விழுங்குகிறது. மலைப் பாங்கான தோட்டத்தில் மரம் நிற்குமிடம் லொறிப் பாதையிலிருந்து நூறு யார் கீழே இருந்தால், கணக்கு முழுவதும் மாறிவிடும். டிர்ஃபோரும் கப்பியும் வைத்து அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். கேகாலைப் பக்கத்தில் இவ்வேலைக்கு யானையை வாடகைக்கு அமர்த்தும் வழக்கம் பழையது. இல்லையெனில் மரத்தை அவ்விடத்திலேயே பலகையாக அரிந்து தோளில் சுமக்க வேண்டும். எனவே மரத்தைப் பார்க்கப் போகும்போது தலையை உயர்த்தி மரத்தை மட்டும் பார்க்காதீர்கள். திரும்பி நடந்து பாதையையும் பாருங்கள். பாதையைப் பார்க்காமல் விலை பேசுபவர், லாபத்தை அந்தத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்.

வீட்டுக்கு அருகில் நிற்கும் மரம் இன்னொரு தலையிடி. ஆள் ஏறி, கிளை கிளையாகக் கட்டி இறக்க வேண்டும். கூரைத் தகடு உடைந்தாலும், அயலவரின் மதில் சரிந்தாலும், மின்கம்பி அறுந்தாலும் பொறுப்பு கொந்தராத்துக்காரருக்கே. மழைக்கும் ஒதுக்கு வைக்க வேண்டும். ஈர நிலத்தில் மரம் இழுக்க முடியாது. ஆனால் வந்த ஆட்களுக்குச் சாப்பாடாவது கொடுக்க வேண்டும்.

பத்திரம் இல்லாத மரம்

பலா மரத்தை நமது சொந்தக் காணியில் நின்றாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும். அதற்குக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று அலைய வேண்டியிருக்கும். ஏற்றிச் செல்வதற்குத் தனி அனுமதிப்பத்திரம் தேவைப்படும் மரங்களும் உண்டு. எந்த மரத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு விலக்கு என்பன காலத்துக்குக் காலம் மாறுவதால், ஒவ்வொரு கொந்தராத்துக்கும் முன்னர் பிரதேச செயலகத்திலோ வன அலுவலகத்திலோ கேட்டறிவதே பாதுகாப்பு. 2019 ஆம் ஆண்டில் செயின் சோக்களைப் பதிவு செய்யும் நடவடிக்கையும் மேற்கொள்ளப்பட்டது. ஆகவே பழைய மிசின் வாங்குபவர் அதன் பதிவையும் பார்த்தே வாங்க வேண்டும்.

"இரவோடு இரவாக ஏற்றிவிடலாம்" என்று ஆலோசனை சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். காட்டுச் சட்டத்தின் கீழ் பிடிபட்டால் மரம் மட்டுமல்ல, லொறியும் பறிமுதலாகலாம். வாடகை லொறியென்றால் அதன் சொந்தக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

கணக்குக்கு வருவோம்

விளக்கத்துக்காக ஓர் உதாரணம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் முறைதான் முக்கியம். ஒருவர் மூன்று மஹோகனி மரங்களை 120,000 ரூபாவுக்கு வாங்கி, மரக்காலைக்கு 230,000 ரூபாவுக்கு விற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஆட்கூலி 40,000, லொறி 25,000, பெற்றோலும் எண்ணெயும் 8,000. கையில் 37,000 ரூபா மிஞ்சுகிறது. "மூன்று நாளில் 37,000" என்று அவர் மகிழ்கிறார்.

இப்போது அவர் எழுதாததை எழுதுவோம். மிசின் விலை 180,000 ரூபா. அது 1,500 மணித்தியாலம் உழைக்கும் என்று வைத்தால் தேய்மானம் மணிக்கு 120 ரூபா. செயின், பார், திருத்த வேலைக்கு இன்னும் 120. பத்து மணித்தியாலத்துக்கு 2,400 ரூபா. விலை பேச ஒரு நாள், பத்திரத்துக்கு இரண்டு நாள், வேலைக்கு மூன்று நாள் என அவருடைய சொந்த உழைப்பு ஆறு நாள். நாளுக்கு 4,000 என்றாலும் 24,000. இடிந்த மதிலைக் கட்டிக் கொடுக்க 5,000. இவற்றைக் கழித்தால் உண்மையான இலாபம் 5,600 ரூபா மட்டுமே. 37,000 ரூபாவையும் இலாபம் என்று எண்ணிச் செலவழிப்பவர், மிசின் பழுதாகும் நாளில் கடன் வாங்குவார்.

தேய்மானத்தை வாங்கிய விலையில் அல்ல, மீண்டும் வாங்கும் விலையில் எழுத வேண்டும் என்பதை 2022 ஆம் ஆண்டு நமக்குக் கற்றுத் தந்தது. அவ்வருடம் மார்ச் மாதம் ரூபா மிதக்கவிடப்பட்டு, 200 ரூபா மட்டில் இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதியாகும் மிசினுக்கும் உதிரிப்பாகத்துக்கும் பழைய விலையில் ஒதுக்கி வைத்தவர்களின் பணம் பாதி மிசினுக்குத்தான் போதுமானதாக இருந்தது.

ஆளின் உடலும் கணக்கில் உண்டு

மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் வாய் வெட்டி, பிறகு எதிர்ப்பக்கத்தால் அறுத்து வருவது முறை. இரு வெட்டுக்கும் நடுவே குறுக்களவில் சுமார் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட வேண்டும். கதவுக்குப் பிணைச்சல் போல அதுதான் மரத்தைத் திசை தவறாமல் சாய்க்கிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். தலைக்கவசம், கண் மறைப்பு, காதடைப்பு, சப்பாத்து, செயின் பட்டால் நூல் நூலாகப் பிரிந்து அதைச் சிக்க வைக்கும் கால் கவசம் என்பனவும் ஆயுதங்களே. வெயிலைக் காரணம் சொல்லி இவற்றைக் கழற்றி வைப்பது நமது வழக்கமாகிவிட்டது.

எனக்குப் பல வருடங்களாக மரம் தந்த கொந்தராத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு வருடம் அவருக்கு நான் கொடுக்க வேண்டிய பணம் இரண்டு மாதம் இழுபட்டது. தளபாடக் கடைகளிலிருந்து எனக்கும் வரவேண்டியிருந்தது. அதையே அவருக்கும் சொல்லிக் கொண்டிருந்தேன். அந்நாட்களில் அவருடைய மிசினின் கிளச் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. விசையை விட்டாலும் செயின் நிற்காமல் சுற்றும். "பணம் வந்ததும் மாற்றுவோம்" என்று வேலையைத் தொடர்ந்திருக்கிறார். ஒரு நாள் சரிவில் மிசினுடன் இறங்கிய அவரது ஆள் வழுக்கி விழுந்தார். சுற்றிக் கொண்டிருந்த செயின் அவரது காலைக் கிழித்தது. உயிர் தப்பியது. ஆனால் அந்த மனிதர் மறுபடி மரத்தில் ஏறவில்லை.

ஸ்பிரிங்கின் விலை சில நூறு ரூபா. என்னிடம் நின்ற பாக்கி அதைவிடப் பல மடங்கு. வைத்தியசாலையில் அவரைப் பார்க்கப் போனபோது பணத்தையும் கொண்டு போனேன். காலம் தாழ்ந்த பணம் அது.

நாட்கூலி ஆள்தானே, நமக்குப் பொறுப்பில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் தொழில் வழங்குநர் மீது அப்பொறுப்பைச் சுமத்துகிறது. ஒரு காப்புறுதி எடுத்து, அதன் தவணையையும் மரத்தின் செலவில் எழுதுவதே சரியான வழி.

நினைவில் வைக்க

இத்தொழிலில் இறங்குவோருக்கு:

1. பாதையைப் பார்க்காமல் மரத்துக்கு விலை பேசாதீர்கள்.
2. பத்திரம் கைக்கு வரும் முன்னர் மிசினை இயக்காதீர்கள்.
3. ஒவ்வொரு மரத்துக்கும் தனிக் கணக்கு எழுதுங்கள். உங்கள் கூலியும் மிசினின் தேய்மானமும் அதில் இருக்கட்டும்.
4. தேய்மானப் பணத்தை வீட்டுச் செலவுடன் கலக்காமல் வேறாக வையுங்கள்.
5. பழுதான மிசினை ஒரு மணித்தியாலமும் இயக்காதீர்கள்.

மரக்காலைக்காரர்களான நமக்கு ஒன்றே ஒன்று. மரம் இறங்கினால் அந்த வாரத்திலேயே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கிறது, ஒரு மனிதனின் காலும் இருக்கிறது.