பழைய ஆட்டமும் பழைய விண்டோஸும்

பலகை அறுத்து, ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பொருத்தி, அந்நாளைய ஆர்கேட் பெட்டிக்கு வீட்டிலேயே புனர்ஜன்மம் அளிக்கும் ஆர்வம் நம் புக்கிட் காத்தில் வட்டாரத்து இளைஞர்களிடையே தோன்றியிருப்பது எனக்கு மெத்த மகிழ்ச்சி தரும் விஷயமேயாயினும், அந்த ஆர்வத்தோடு ஒட்டிக்கொண்டு, "பழைய ஆட்டத்துக்குப் பழைய விண்டோஸ்தான் ஒத்துவரும், எக்ஸ்பி போட்டால் பறக்கும், லினக்ஸ் போட்டால் நொண்டும்" என்னும் வதந்தியொன்று தாமான் தாமானாக உலவி வருவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றதிலிருந்து, அலுவலகம் கழித்துப்போட்ட கணினியொன்றை வாங்கி வருகிறவரெல்லாம் இதையே வேதவாக்காக ஒப்பிக்கின்றனர்.

பேக்மேன் ஆட்டம் ஜப்பானில் வெளிவந்தது 1980-இல். முதல் விண்டோஸ் விற்பனைக்கு வந்ததோ 1985 நவம்பரில். பிறவாத இயங்குதளத்தின் மீது அந்த ஆட்டம் எங்ஙனம் ஓடியது என்று இவர்களில் ஒருவராவது யோசித்ததுண்டா? அப்பெட்டியினுள் இயங்குதளம் என்று ஒன்று இருந்ததேயில்லை. வினாடிக்கு முப்பது லட்சத்துச் சொச்சம் துடிப்புகளில் இயங்கிய இசட்-80 என்னும் சில்லு ஒன்று, மின்சாரம் பாய்ந்த மாத்திரத்தில், ரோம் சில்லுகளில் நிரந்தரமாகப் பதித்திருந்த நிரலை முதல் முகவரியிலிருந்து வாசிக்கத் தொடங்கும், அவ்வளவே. 1991-இல் வந்து உலகையே கலக்கிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-உம் மோட்டரோலா 68000 சில்லின் மேல் நேராக ஓடியதுதான். எக்ஸ்பி பிறக்க அதற்குப் பிறகும் பத்தாண்டுகள் ஆயின.

இன்று நாம் செய்வது, அந்தச் சில்லுகளின் நடத்தையை மென்பொருளால் அப்படியே பாவனை செய்வது. 1997 பிப்ரவரியில் நிக்கோலா சல்மோரியா என்னும் இத்தாலியர் வெளியிட்ட மேம் என்னும் எமுலேட்டர் இக்காரியத்தையே செய்கிறது. அதன் முதற்பதிப்பும் விண்டோஸுக்காக அன்றி டாஸுக்காகவே எழுதப்பட்டது. திரையையும் ஒலியையும் பட்டன் அழுத்தத்தையும் எமுலேட்டருக்கு எட்டச் செய்வதோடு இயங்குதளத்தின் கடமை தீர்ந்தது. கூத்து மேடையைக் கட்டிய தச்சன் யாரென்று அர்ச்சுனன் வேஷக்காரனுக்குத் தெரிந்தாக வேண்டுமா?

எக்ஸ்பிக்கோ ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே நின்றுபோயிற்று. இன்றைய மேம் அதில் ஓடாது. ஆகவே எக்ஸ்பி பக்தர் பழைய மேமைத் தேட வேண்டும். பிறகு அந்தப் பதிப்புக்குப் பொருந்தும் ரோம் கோப்புகளைத் தேட வேண்டும். பொருந்தாமற்போனால், ஆட்டம் திறக்கவில்லை என்று என்னிடம் வந்து அங்கலாய்க்க வேண்டும். இவ்வதந்தியில் ஒரு துளி உண்மை உண்டென்பதையும் மறைக்க மாட்டேன்: பதினைந்து கிலோஹெர்ட்ஸில் இயங்கும் அசல் ஆர்கேட் டியூப் திரையைப் பொருத்துவோருக்கு, சில ரேடியான் கார்டுகளுக்கான தனி டிரைவர் ஒரு காலத்தில் எக்ஸ்பியிலே நன்கு வேலை செய்தது. அதே வேலையைச் செய்ய லினக்ஸில் குரூவி ஆர்கேட் இருக்கிறது. மேலும், எல்சிடி திரை மாட்டுகிறவருக்கு அந்தக் கவலையே இல்லை.

உண்மையில் விசாரிக்க வேண்டிய சங்கதி, ஸ்விட்சைப் பட்டென்று அணைத்தால் என்ன நேரும் என்பது. அசல் பெட்டியை எவரும் முறைப்படி மூடியதில்லை. ரோமில் எழுதியது அழியாதாகையால் ஒன்றும் நேரவுமில்லை. கணினியோ சதா வட்டில் எதையாவது எழுதிக்கொண்டேயிருக்கும். எழுதும் தருணத்தில் மின்சாரம் போனால் கோப்புகள் சிதையும். பிற்பகல் தோறும் இடி இடித்து டிரிப் ஆகும் நம் மலாக்காவில் இது அற்பமான சங்கதியன்று. பட்டோசெரா என்னும் லினக்ஸ் தன் இயங்குதளத்தை மாற்றவியலாத ஒரே சுருக்கக் கோப்பாக வைத்து, ஆட்டங்களையும் சேமிப்புகளையும் தனிப் பகுதியில் பிரித்துவிடுகிறது. ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியின் சொந்த இயங்குதளத்திலும், எழுதுவதையெல்லாம் தற்காலிக நினைவகத்துக்கே திருப்பிவிடும் வசதி உண்டு.

மற்றப் பிரமைகளுக்கு இவ்வளவு மை செலவிட வேண்டியதில்லை. லினக்ஸில் ஜாய்ஸ்டிக் வேலை செய்யாது என்பது பொய். ஜாய்ஸ்டிக்கைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி என்கோடர் தன்னை விசைப்பலகையாகவோ கேம்பேடாகவோ அறிமுகம் செய்துகொள்கிறது, அதற்கு மதபேதம் கிடையாது. கட்டளை தட்டச்சு செய்தே சாக வேண்டும் என்பதும் பழங்கதை. பட்டன் அழுத்தியதற்கும் குத்து விழுவதற்கும் இடையே தாமதம் என்றால், இயங்குதளத்தைச் சபிக்குமுன் தொலைக்காட்சியின் கேம் மோடை இயக்கிப் பாருங்கள். ஆட்டத்தின் ஒரு சட்டகம் ஏறக்குறைய 16.7 மில்லி வினாடி, படத்தை மெருகேற்றுகிறேன் என்று தொலைக்காட்சி விழுங்கும் நேரம் அதைப்போல் பல மடங்காகக்கூடும். ராஸ்பெரி பை எல்லாவற்றையும் ஓட்டும் என்பதும் மிகை: தொண்ணூறுகளின் பிற்பகுதி முப்பரிமாண ஆட்டங்களில் அது மூச்சுத் திணறும்.

அங்கேதான் கழித்துப்போட்ட அலுவலகக் கணினிக்கு மதிப்பு வருகிறது. 2005-ஆம் ஆண்டின் விதிகளின்படி மின்னணுக் கழிவு இந்நாட்டில் எஸ்டபிள்யூ 110 என்று குறிக்கப்பட்ட அபாயக் கழிவு. விண்டோஸ் 11 ஏற்கவில்லை என்ற ஒரே குற்றத்துக்காக நல்ல கணினியைக் காயலான் கடைக்குத் தள்ளுவது பாவம் என்பேன். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் பிரித்துப் பார்த்து, லினக்ஸ் ஏற்றிப் பழக இதைவிடச் சிறந்த பாடநூல் ஏது? பள்ளிக்குக் கொடுக்க மனமில்லாதவர் பெட்டிக்குள்ளாவது வைக்கட்டும்.

எக்ஸ்பி வட்டைத் தேடி அலையும் தம்பிமார்களே, பட்டோசெராவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை ஓட்டிப் பாருங்கள்; உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அது தீண்டாது. பிடிக்கவில்லையெனில் பென்டிரைவைப் பிடுங்கிவிடலாம்.