பிள்ளை பிறந்த பிறகும் வலிப்பு வருமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டாம் மாதம் பி.பி. ஏறி, வலிப்பு வந்து, அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பேத்தி ஒன்றே முக்கால் கிலோ. இருவரும் இப்போது என் வீட்டில்தான். 'பிள்ளைதான் பிறந்துவிட்டதே, பி.பி. மாத்திரை பாலில் இறங்கும், நிறுத்திவிடு' என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்தலாமா? இனியும் வலிப்பு வருமா?
- ஒரு வாசகி, நாகல் நகர், திண்டுக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. இந்த நிலையில் வழக்கமாகத் தரும் லேபெட்டலால், நிஃபெடிபின் போன்றவை பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். தாராளமாகப் பால் கொடுக்கலாம். உங்கள் சீட்டில் இருப்பது எது என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் பி.பி.யைப் பார்த்து அவர் முடிவு செய்ய வேண்டியவை.

கர்ப்பத்தில் பி.பி. ஏறி வலிப்பு வரை போகும் இந்த நோய்க்கு வேர் நஞ்சுக்கொடியில். அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் சரியாக விரியாதபோது, அங்கிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் உடம்பெங்கும் ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. சிறுநீரகம், கல்லீரல் தாக்கப்படும். மூளை தாக்கப்பட்டால் வலிப்பு. குழந்தைக்குப் போகும் ஊட்டமும் குறையும். உங்கள் பேத்தியின் எடைக்குக் குறைமாதத்தோடு இதுவும் காரணமாக இருக்கலாம்.

நஞ்சு விழுந்ததும் நோய் இறங்கத் தொடங்கும், ஆனால் அன்றே விட்டுப் போகாது. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் மூன்று முதல் ஆறு நாளில்தான் பி.பி. உச்சத்தைத் தொடும். வலிப்பு முதல் 48 மணி நேரத்தில் வருவதே அதிகம். சிலருக்கு ஆறு வாரம் வரைகூட வரும்.

அந்த ஆறு வாரம்தான் எனக்குப் பெரும் கவலை. குழந்தை பார்க்க வருகிறவர்கள் எடை கேட்கிறார்கள், தாயின் பி.பி.யை ஒருவரும் கேட்பதில்லை. தலைவலி என்றால் 'பச்சை உடம்பு, நீர் கோத்திருக்கும்' என்று தைலம் தேய்த்துவிடுகிறோம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும், நள்ளிரவானாலும், உடனே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். 'பிரசவமாகி இத்தனை நாள், ஏற்கெனவே வலிப்பு வந்தது' என்பதை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணத் தலைவலியாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

வலிப்பே வந்துவிட்டால் கையில் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் போடும் மக்னீசியம் சல்பேட் ஊசி விலை மலிவானது, ஆனால் இதற்கு அதுவே முதல் மருந்து. இந்தியாவும் பங்கேற்று 1995-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, வலிப்பு திரும்ப வராமல் தடுப்பதில் டயஸிபாம், ஃபெனிடாயின் இரண்டையும்விட அது மேல் என்று காட்டியது. 2002-இல் 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், வலிப்பு வரும் ஆபத்தையே அது பாதியாகக் குறைத்தது.

அடுத்த கர்ப்பத்திலும் பி.பி. ஏறும் வாய்ப்பு உண்டு. எட்டாம் மாதத்திலேயே வந்ததால் சற்றுக் கூடுதல். நாள் தள்ளிப்போனதுமே இந்தச் சீட்டுகளோடு டாக்டரைப் பார்க்கட்டும். 12 வாரம் கடந்ததும் குறைந்த அளவு ஆஸ்பிரினும், கால்சியமும் தருவார்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.