பீர் காய்ச்சும் அண்டாவுக்கு மூடி

அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்சிக்கொள்ள இடந்தரும் மத்தியச் சட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் கையொப்பமிட்டு, மறுவருஷம் பிப்ரவரியில் அது அமலுக்கும் வந்துவிட்ட பிறகு, அந்நாட்டுக் கார் ஷெட்டுகளிலும் கொல்லைப்புறங்களிலும் அண்டாக்கள் தாராளமாக அடுப்பேறத் தொடங்கின. அவற்றுள் பல இந்தக் காரியத்துக்கென்றே வார்க்கப்பட்டவை அல்ல. வான்கோழி பொரிக்கும் அலுமினியப் பாத்திரம், உணவு விடுதியார் கழித்து விற்ற சூப் பானை, தலைப்பாகத்தை வட்டமாக அறுத்தெடுத்த எஃகுப் பீர்ப் பீப்பாய் என்று ஏதேனும் ஒன்று அடுப்பில் உட்கார்ந்திருக்கும். மூடி மட்டும் இராது. அளவெடுத்துச் செய்த மூடிக்குப் பணம் கொடுக்குமுன், கையில் கிடைப்பதைக்கொண்டே சமாளிக்க முடியாதா என்று யோசிப்பது நியாயமே. பெரும்பாலும் முடியும்; காரணம், இந்தத் தொழிலில் இறுகப் பொருந்தும் மூடிக்கு அநேகமாக வேலையே இல்லை.

மூடி தேவைப்படுவது சூடேறும்போதும் ஆறும்போதுமே. இடையில், கொதிக்கும் வேளையில், அண்டாவை முற்றிலும் மூடலாகாது. முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து இறக்கிய இனிப்புச் சாற்றில், முளைகட்டும்போதே தானியத்தில் உண்டான எஸ்-மெத்தில் மெத்தியோனின் என்ற பொருள் கலந்திருக்கிறது; அது கொதிசூட்டில் சிதைந்து டைமெத்தில் சல்ஃபைடாக மாறுகிறது. அவித்த மக்காச்சோளத்தின் வாடையைப் பீருக்கு ஏற்றுவது இதுவே. சுமார் 37 பாகை செல்சியஸிலேயே ஆவியாகிவிடக்கூடிய பொருளாதலால், வழி திறந்திருந்தால் தானே போய்விடும். மூடியிட்டால் மூடியின் உட்புறத்தில் நீராவியோடு குளிர்ந்து, துளித்துளியாய்த் திரும்பவும் அண்டாவிலேயே விழும். குறைந்த சூட்டில் உலர்த்தப்படும் பில்ஸ்னர் மால்ட்டில் இந்தத் தொல்லை அதிகம். அதனால்தான் அந்த வகைக்கு ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள்.

மூடி தேடப் புறப்படுமுன் அண்டாவின் வாயை இரண்டு விதமாக அளந்துகொள்ளுங்கள்: விளிம்பின் வெளிப்புறம் முதல் வெளிப்புறம் வரை ஒன்று, உட்புறம் முதல் உட்புறம் வரை மற்றொன்று. மேலே கவிழ்கிற மூடிக்கு முதல் அளவையும், விளிம்புக்குள் இறங்கி அமரும் மூடிக்கு இரண்டாவதையும் பார்க்கவேண்டும். அமெரிக்கப் பாத்திரங்கள் அங்குலக் கணக்கில் வருவதால் அங்குலத்திலேயே எழுதிக்கொள்வது சௌகரியம். மேலே கவிழ்கிற மூடி ஓர் அங்குலம் பெரிதாயிருந்தால் பாதகமில்லை. அரை அங்குலம் சிறிதாயிருந்தால் அண்டாவுக்குள்ளேயே விழும்.

அளவு கையில் இருந்தால் முதலில் பார்க்கவேண்டியது பிட்சாத் தட்டு. 12, 14, 16 அங்குலம் என்று படிப்படியான அளவுகளில் மலிவாகக் கிடைக்கிறது. விளிம்பு கீழ்நோக்கும்படி கவிழ்த்து வைத்தால் வழுகாமல் நிற்கிறது. ஆனால் அடிப்பகுதி மொறுமொறுப்பாக வருவதற்கென்று சல்லடைபோல் துளையிட்ட தட்டுகளும் அதே அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்காமல் வாங்கவேண்டாம். இதைவிட மேலானது, உணவு விடுதிகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் தனியாகவே கிடைக்கும் சீன வாணலியின் குவிந்த மூடி. கனமில்லாதது, கைப்பிடியுடன் வருவது, குவிந்திருப்பதால் திரண்ட நீர் நடுவில் சொட்டாமல் ஓரத்துக்கு ஓடிவிடுவது என்று அதற்குப் பல குணங்கள் உண்டு. குட்வில் போன்ற பழஞ்சாமான் கடைகளில் பாத்திரம் தொலைந்து மூடி மட்டும் எஞ்சியவை குவிந்து கிடக்கும்; டேப்போடு போகிறவர் வெறுங்கையோடு திரும்புவது அரிது.

பீப்பாயை அறுத்து அண்டாவாக்குகிறவர் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளவேண்டும்: மூடியை முதலில் வாங்கி, வாயைப் பிறகு அறுப்பதே விவேகம். பதினைந்தரை காலன், அதாவது ஏறத்தாழ 59 லிட்டர் கொள்ளும் பெரிய பீப்பாயின் தலையில் 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வட்டம் அறுத்தால், சாதாரணமான 12 அங்குலச் சமையல் மூடி அதன்மேல் அழகாக உட்காரும். அறுக்குமுன் உள்ளிருக்கும் அழுத்தத்தைப் பூரணமாக வெளியேற்றிவிடவேண்டும். அறுத்த விளிம்பை அரம் போட்டு மழுக்கிவிடவேண்டும். கடையில் முன்பணம் கட்டி எடுத்துவந்த பீப்பாய் பீர்க் கம்பெனியின் சொத்தே என்பதையும், முன்பணம் அதன் விலையாகிவிடாது என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

உலோகத்தைப் பற்றி ஓரிரு வார்த்தை. எவர்சில்வரும் அலுமினியமும் உத்தமம். துத்தநாகம் பூசிய தகர மூடி, குப்பைத்தொட்டி மூடியைப்போல எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும், தள்ளத்தக்கது. சாறு புளிப்புத் தன்மை உடையது, ஆவி பட்டுப்பட்டுத் துத்தநாகம் கரைந்து இறங்கும். ஒட்டாத பூச்சுள்ள தட்டில் பூச்சு உரிந்திருந்தால் அதுவும் வேண்டாம். கண்ணாடி மூடி உள்ளே நடப்பதைக் காட்டும் என்பது மெய்தான். ஆனால் சூடாக இருக்கும்போது ஈரத் தரையில் வைத்தால் வெடிக்கக்கூடும்.

பிட்சாத் தட்டுக்குப் பிடி கிடையாது. நடுவில் ஒரு துளையிட்டு, அலமாரிக் கதவுக்குப் போடும் மரக் குமிழை எவர்சில்வர் திருகாணியால் முடுக்கிவிட்டால் போதும். ஏற்கெனவே உலோகக் கைப்பிடி உள்ள மூடியானால், கைப்பிடிக்கும் மூடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஒயின் பாட்டிலின் தக்கை ஒன்றைச் செருகிவிடுங்கள். சூடு தக்கையைத் தாண்டி விரலுக்கு வராது.

இனி உபயோகிக்கும் முறை. தண்ணீரோ சாறோ சூடேறும்வரை நன்றாக மூடிவைக்கலாம், எரிவாயு மிச்சமாகும். கொதிநிலையை நெருங்கும்போது மூடியை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கவேண்டும். சாற்றிலுள்ள புரதம் நுரைத்தெழுந்து, அண்டாவைத் தாண்டி அடுப்பை நனைப்பது அந்தச் சில நிமிஷங்களில்தான். சமையலறை அடுப்பின் ஜ்வாலை போதாமல் கொதி தளர்ந்தால், பாதிவாய்க்குமேல் மறைக்காமல் மூடியை ஒருபுறம் நகர்த்திவைப்பதில் தவறில்லை.

ஆறவைக்கும்போதுதான் உண்மையான சிக்கல் வருகிறது. அடுப்பை அணைத்ததும் அப்படியே மூடிவிடலாகாது. சூடு தணியும்வரை அந்த மக்காச்சோள வாடைப்பொருள் உண்டாகிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 70 பாகைக்குக் கீழே இறங்கியபின், கொதிநீர் ஊற்றிக் கழுவிய மூடியால் மூடவேண்டும். அதற்குமேல் தாமதித்தால் காற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் பழ ஈக்களுக்கும் விருந்து. ஆனால் சாற்றைக் குளிர்விக்க அண்டாவுக்குள் இறக்கும் செம்புச் சுருளின் இரண்டு குழாய்களும் விளிம்பின்மேல் வளைந்து வெளியே வருவதால், எந்த மூடியும் அங்கே படிந்து உட்காராது. மூடியின் ஓரத்தில் குழாய்க்கேற்ப இரண்டு பள்ளங்கள் வெட்டுகிறவர்கள் உண்டு. அதைவிடச் சுலபமான உபாயம் கனத்த அலுமினியத் தாள்: அகலமான இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படும்படி வாய்க்குக் குறுக்கே விரித்து, குழாயைச் சுற்றி விரலால் அழுத்தி, விளிம்பில் மடித்துவிட்டால் ஈ நுழைய இடமிராது. சுருளை நடுநடுவே அசைத்தால் சாறு விரைவில் குளிரும். அசைக்கும்போது தாள் கிழிந்தால் புதிதாக ஒரு துண்டு போட்டுக்கொள்ளலாம்.