கஞ்சித்தொட்டியும் சுகாதார நிலையமும்

சுகாதார நிலையத்திற்கு நிலம் வேண்டுமென்று பஞ்சாயத்துக்குக் கடிதம் வந்தால், கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, 'பயிருக்கு ஆகாத நிலம் எங்கே இருக்கிறது?' என்பதுதான். களர் நிலமோ, ஐப்பசி மழையில் நீர் தேங்கும் பள்ளமோ ஒதுக்கப்படும். கட்டடமும் அதன் நட்டநடுவில் எழும்பிவிடும். பத்து ஆண்டுகள் சென்றபின் பிரசவ விடுதி ஒன்று சேர்க்க வேண்டுமென்றால், நான்கு பக்கமும் துண்டு துண்டாக இடம் இருக்கும். எத்துண்டும் கட்டடத்திற்குப் போதாது. இந்நிலையைத் தவிர்ப்பது எங்ஙனம் என்று ஆராய, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வரலாற்றைப் பார்ப்பது பயன் தரும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்கு அணித்தே, இராயபுரம் பகுதியில், பழைய ஜெயில் சாலையில் இருப்பது ஸ்டான்லி மருத்துவமனை. முதியோர் இன்றும் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பர். 1782-இல் பஞ்சத்தால் வாடிய மக்களுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்ட மணியக்காரர் சத்திரமே அதன் வித்து. (மணியக்காரர் யார் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) பசித்து வந்தவர்களில் பலர் நோயுற்றிருந்தனர்; ஆகவே 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அங்கே வைத்தியசாலை தொடங்கினார். 1910-இல் அரசாங்கம் ஏற்று, இராயபுரம் மருத்துவமனை என்று பெயரிட்டது. 1938-இல் அங்கு மருத்துவக் கல்லூரி அமைந்தது. கஞ்சி வார்த்த நாளில் கல்லூரியை எவரும் எண்ணியிருக்க இயலாது.

சுற்றியுள்ள தொழில்களும் ஆஸ்பத்திரியின் வேலையை மாற்றுகின்றன. துறைமுகமும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளும் நிறைந்த பகுதியில் இயந்திரத்தில் அகப்பட்ட கைகள் அதிகம். 1970-களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அவர்கள் ஸ்டான்லியில் வளர்த்த கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு, பின்னர் ஆராய்ச்சியும் மறுவாழ்வும் சேர்ந்த தனி நிலையமாயிற்று. நோயாளிகள் இருக்குமிடத்திலேயே ஆராய்ச்சியும் வேரூன்றியது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே அம்மோனியா வாயு கசிந்து, மூச்சுத்திணறலால் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய நாளுக்கும் இடம் வேண்டும். ஆனால் சாலையும் வீடுகளும் நெருக்கிய ஊர்நடுவில், ஆஸ்பத்திரி பக்கவாட்டில் பரவுவது அரிது.

இதற்கு மாறானது தாம்பரம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அவர்கள் காசநோயாளிகளுக்காக அங்கே விசாலமான வளாகத்தில் சானடோரியம் நிறுவினார். நல்ல காற்றும் நீண்ட ஓய்வுமே அந்நாளைய மருந்து. பின்னர் 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஏற்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவருக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்தளித்துப் பார்த்தது. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய சமமான பலன் தருவதாக 1959-இல் முடிவு வெளிவந்தது. படுக்கைகளுக்கென்றே கட்டிய சானடோரியங்களின் அவசியம் உலகெங்கும் குறைந்தது. எனினும் தாம்பரம் வீணாகவில்லை. நெஞ்சகநோய் மருத்துவமனையாகி, 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளையும் ஏற்றது. ஒரு நோய்க்கென அமைந்த இடம் வேறொரு நோய்க்கும் உதவியது.

இலண்டனில் 1970-இல் திறக்கப்பட்ட நார்த்விக் பார்க் மருத்துவமனை இக்கருத்தை முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்தது. கட்டடக் கலைஞர் ஜான் வீக்ஸ், நீண்ட நடைபாதை ஒன்றை வகுத்து, நம் ஊர்த் தெருவில் வீடுகள் அமைவதுபோல் அதன் இருமருங்கும் கட்டடங்களை நிறுத்தினார்; ஒவ்வொன்றின் கடைசி முனையும் பின்னால் நீட்டுவதற்கு ஏற்றவாறு விடப்பட்டது. உடன் அமைந்த மருத்துவ ஆராய்ச்சி மையம் 1994-இல் மூடப்பட்டது. ஆஸ்பத்திரி இன்றும் நடைபெறுகிறது.

நம் கிராமத்திற்கு இதில் என்ன உண்டு? தென்னங்கன்று முழ உயரமே இருப்பினும் 25 அடி இடைவெளி விட்டே நடுகிறோம். இடையில் ஊடுபயிர் செய்கிறோம். சமவெளியில் சுமார் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நியதி. அத்தனை பேருக்குரிய நிலத்தையும் அவ்வாறே கருத வேண்டும். கட்டடத்தை ஓரத்தில் தொடங்கி, ஒரு முனையில் சுவரைத் தாண்டி வளர வழி விடுதல் வேண்டும். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அறைகளுக்கு அடியில் ஓடாமல் நடைபாதையை ஒட்டியே செல்வது நன்று. இல்லையேல் அறையை மாற்றுந்தோறும் தரையை உடைக்க நேரும். பாரத்தைத் தூண்கள் தாங்கினால், உட்சுவர்களை இடித்து அறையைப் பெரிதாக்கலாம். 108 ஊர்தி உள்ளே வந்து திரும்பிச் செல்லும் அகலத்தில் வழி இருத்தல் அவசியம்.

'இன்றைக்கே குடிநீருக்குப் பணமில்லை; நாளைய மாடிக்கு இன்று அஸ்திவாரமா?' என்று அங்கத்தினர் கேட்பது நியாயமே. கனத்த அஸ்திவாரத்திற்குச் செலவு கூடும். ஆனால் வெற்றிடத்தைக் காப்பதற்குப் பெருஞ்செலவில்லை. இரண்டும் இயலாதபோது நிலத்தைக் காப்பதையே நாம் முதலாகக் கொள்வோம். வெற்றிடம் பல கண்களை ஈர்க்கும்: நியாயவிலைக் கடைக்கு ஒரு மூலை, கலையரங்கிற்கு ஒரு மூலை, மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு மூலை என்று போய்விடும். இவை யாவும் நல்ல காரியங்கள்தாம். ஆயினும் வேறிடத்திலும் அமையத்தக்கவை. அதுவரை அந்நிலத்தில் கீரையோ முருங்கையோ பயிரிட்டுச் சத்துணவுக் கூடத்திற்கு அளிக்கலாம். நிரந்தரக் கட்டடம் மட்டும் கூடாது.

ஒதுக்கிய நிலத்தை சர்வே எண்ணுடன் தீர்மானத்தில் பதிந்து, நில அளவரைக் கொண்டு அளந்து கல் நட்டு, எப்பக்கம் கட்டடம் வளரும் என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் மாட்டிவைத்தல் வேண்டும். அடுத்த தேர்தலில் வரும் அங்கத்தினர்களுக்கு அந்நிலம் ஏன் வெறுமையாய்க் கிடக்கிறது என்பது வேறெவ்வகையிலும் தெரிய வழியில்லை.