தறி நிற்கும் நாளின் கணக்கு

கேள்வி: எனக்கு வயது 43. நானும் கணவரும் ஆரணி முதலாளி ஒருவருக்குப் பட்டு நெய்கிறோம். புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லி கிராம சுகாதார செவிலியர் மறுபடி மறுபடி கூப்பிடுகிறார். எனக்கு எந்த உபாதையும் இல்லை. நான் போனால் கோர்வைக்கு ஆள் இல்லாமல் தறி நின்றுவிடும். பக்கத்து வீட்டு அக்காவைச் ‘சந்தேகம்’ என்று சொல்லி அலையவிட்டு, கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள். அதுவரை அவர் சரியாகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. இலவசம் என்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. போகத்தான் வேண்டுமா?
- வாசகி, வெம்பாக்கம்

பதில்: நீங்கள் சொல்வது சரி, சகோதரி. நெய்து இறக்கிய புடவைக்குத்தான் கூலி. தறி நின்ற நாளுக்கு யாரும் தரப்போவதில்லை. ஆனாலும் போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

முதல் பரிசோதனைக்கு அதிக நேரம் ஆகாது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். லேசாக எரியலாம். முடிவை அங்கேயே சொல்லிவிடுவார்கள். மார்பைக் கையால் பரிசோதிப்பார்கள். கூச்சமாக இருந்தால் பெண் ஊழியரே பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் உங்களுக்குக் கட்டணம் கிடையாது. பாவு தீர்ந்து புதுப் பாவு பிணைக்கும் நாளில் தறி எப்படியும் ஓடாது. மாதவிலக்கு இல்லாத அப்படியொரு நாளில் போங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த சோதனை ஐந்து ஆண்டு கழித்துத்தான்.

பாரம், சந்தேகம் என்று மறுபடி கூப்பிடும் இரண்டாவது அழைப்பில்தான் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய பெரிய ஆய்வில் 31,343 பெண்களுக்கு இதே அசிட்டிக் அமிலச் சோதனையைச் செய்தார்கள். 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, ‘மேலும் பார்க்க வேண்டும்’ என்று வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பட்ட பாடு, அப்படி அழைக்கப்பட்ட எத்தனையோ பெண்கள் பட்டதுதான். ஆனால் பரிசோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம், பரிசோதனை நடக்காத ஊர்களைவிட 35 சதவீதம் குறைவாக இருந்தது. உபாதை தெரியுமுன்பே கண்டுபிடித்துச் சிகிச்சை தந்ததால் வந்த பலன் அது. இந்த ஒரு காரணத்துக்காகவே போகச் சொல்கிறேன்.

ஒருவேளை உங்களையும் மறுபடி அழைத்தால், ‘சந்தேகம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். என்ன தெரிந்தது, எங்கே போக வேண்டும், சோதனைக்குச் சதை எடுப்பதானால் அன்றைக்கே எடுப்பார்களா, முடிவு என்றைக்கு வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். செய்யாறு அரசு மருத்துவமனைக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ துணைக்கு ஆள் வந்தால் அவர் கூலியும் போகும். கர்ப்பிணிகளின் கூலி இழப்பை ஈடுகட்ட முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தரும் அரசு, மறு அழைப்புக்கு வரும் பெண்ணுக்கும் அன்றைய கூலியைத் தர வேண்டும். அதைத் தராமல் ‘பெண்கள் வருவதில்லை’ என்று குறைபடுவது நியாயமே இல்லை.

தனியார் விளம்பரப்படுத்தும் ‘முழு உடல்’ பேக்கேஜுக்குக் கடன் வாங்காதீர்கள். உபாதை இல்லாதவருக்கு ரத்தத்தில் புற்றுநோய்க்கான குறியீடுகளைத் தேடும் அதிலுள்ள சோதனைகள் பயத்தையும் செலவையும்தான் கூட்டும். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), கையால் பார்த்ததில் சந்தேகம் வந்தாலோ, அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தாலோ மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டியது.

தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்றபின் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மார்பில் கட்டி: இவற்றில் எது வந்தாலும் செவிலியரின் அழைப்புக்கோ பாவு தீரும் நாளுக்கோ காத்திருக்காதீர்கள், மறுநாளே மருத்துவரிடம் போங்கள். கணவர் புகையிலை போடுகிறவர் என்றால், பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். வாயைத் திறந்து காட்டினால் அதே இடத்தில் பார்த்துவிடுவார்கள்.